கிட்னி பாதித்த பையனுக்குக் கழுத்து ஸ்கேன் எதற்கு? ரத்தக்குழாய் பரிசோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சி_வாணி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 10 வயது. பிறவியிலேயே சிறுநீர்த் தாரையில் வால்வு அடைப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே வால்வை நீக்கிவிட்டார்கள், ஆனாலும் இரண்டு கிட்னியும் முழுசாகத் தேறவில்லை. இப்போது கிரியாட்டினின் (ரத்தத்தில் சேர்கிற கழிவு) 1.2, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்) 42. கிட்னி பாதிப்பில் மூன்றாம் நிலை என்கிறார்கள். உயரம் 124 செ.மீ. வகுப்பிலேயே குள்ளம் இவன்தான். ஆனால் ஆட்டத்துக்குக் குறைச்சல் இல்லை, மட்டையைப் பிடுங்கி வைத்தால்தான் வீட்டுக்குள் வருவான்.

இதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், சிறுநீர், பிபி, அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கிற டாக்டர் ஒரு பெரிய சீட்டே எழுதிக் கொடுத்துவிட்டார். 24 மணி நேர பிபி (ஏபிபிஎம்), எக்கோ, அப்புறம் கரோட்டிட் ஐஎம்டி, பல்ஸ் வேவ் வெலாசிட்டி. கடைசி இரண்டையும் எங்கே எடுப்பார்கள் என்றே தெரியவில்லை. ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டதற்கு, "அது பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு எடுக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள்.

கிளினிக்கில் பிபி எப்போது பார்த்தாலும் 110/70தான். கிட்னிக்குப் போனால் கழுத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று மாமியாருக்குப் பயம். இதில் எது கட்டாயம், எதைத் தள்ளிப்போடலாம்?

சேலத்து_அப்பா

சகோதரி, என் மகளுக்கு 13 வயது, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் ஓடுகிறது. எந்த டெஸ்ட் எழுதினாலும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். ரிசல்ட் நல்லதாக வந்தால் என்ன செய்வீர்கள், மோசமாக வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் எங்களுக்கு வேண்டாம்.

இந்தக் கழுத்து ஸ்கேன் என் மகளுக்கும் எடுத்தோம். 0.46 மில்லிமீட்டர். எடுத்த இடத்தில் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. அதே படத்தை இன்னொருவரிடம் காட்டினால் 'தடிப்பு இருக்கிறது' என்றார். மாத்திரை ஒன்றும் மாறவில்லை, தூக்கம் போனதுதான் மிச்சம்.

எக்கோ_ரூம்_ராஜா

நான் எக்கோ டெக்னீஷியன். குழந்தைகளையும் பார்ப்பேன். சேலத்து அப்பா சொன்ன இரண்டு ரிப்போர்ட்டுமே எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஐஎம்டி என்பது கழுத்துத் தமனிச் சுவரின் உள் அடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிமன். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பெரியவர்களுக்கு 0.9 வரை போனாலும் பெரிதாகச் சொல்ல மாட்டோம். பெரியவர்களுக்கான அளவுகோல் மிஷினில் ஏற்கெனவே போட்டிருந்தால் 0.46-க்கு 'நார்மல்' என்றுதான் அச்சாகும். குழந்தைகளுக்கான அட்டவணை வேறு. 2013-ல் ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பிள்ளைகளை அளந்து வயது, உயரம், ஆண் பெண் வாரியாக வெளியிட்டார்கள். அதில் வைத்துப் பார்த்தால் அதே 0.46 மேல் விளிம்பில் போய் நிற்கும். ஆக, வெறும் மில்லிமீட்டர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த வயது, உயரத்துக்கு எத்தனையாவது சதமானம் (அதே மாதிரி நூறு பிள்ளைகளை அளவு வாரியாக நிறுத்தினால் எத்தனையாவது இடம்), அல்லது இசட் ஸ்கோர் (சராசரியிலிருந்து விலகல்) எவ்வளவு என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எடுக்கிற முறையும் லேசானதில்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி, தமனி இரண்டாகப் பிரிகிற கவையைக் கண்டுபிடித்து, அதற்கு 1-2 செ.மீ. கீழே புரோபை வைக்க வேண்டும். நமக்கு வேண்டியது தோலுக்குத் தூரமாக இருக்கிற சுவர். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அளப்பது இதயம் விரிந்து முடிகிற நொடியில். அதனால் ஈசிஜி ஒயரும் மாட்டியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் பிள்ளை எச்சில் விழுங்கினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்றும் சொல்கிறேன். மிஷினின் தெளிவு எல்லையே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கிட்னி பாதித்த பிள்ளைக்கும் ஆரோக்கியமான பிள்ளைக்கும் சராசரி வித்தியாசம் அதிலும் பாதிதான் இருக்கும். கோட்டைத் தானாகப் பிடிக்கிற சாஃப்ட்வேர் போட்டு, பல ஃபிரேமைச் சராசரி எடுத்தால்தான் அந்தச் சின்ன வித்தியாசம் தெரியும். கையால் இரண்டு புள்ளி வைத்து அளந்த ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன், நான் எடுத்ததாகவே இருந்தாலும்.

திருச்சி_வாணி

ரொம்ப நன்றி ராஜா சார். பல்ஸ் வேவ் என்பது என்ன? அதுவும் ஸ்கேனா?

எக்கோ_ரூம்_ராஜா

ஸ்கேன் இல்லை. கழுத்தில் ஒரு சென்சார், தொடை இடுக்கில் ஒரு சென்சார். இதயம் துடிக்கும்போது கிளம்புகிற அலை இரண்டு இடத்துக்கும் எவ்வளவு இடைவெளியில் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். வெயிலில் காய்ந்து விறைத்துப்போன மோட்டார் ஹோஸில் அழுத்தம் சட்டென்று மறு முனைக்குப் போய்விடும், புது ஹோஸ் கொஞ்சம் உப்பி வாங்கிக்கொள்ளும், அதே கணக்குதான். பிள்ளைகளுக்கு வினாடிக்கு 5 மீட்டரை ஒட்டி இருக்கும். பெரியவர்களுக்கு 10-ஐத் தாண்டினால் குழாய் விறைத்துவிட்டது என்போம்.

தூரத்தை டேப் வைத்துத்தான் அளக்கிறோம். சின்னப் பையனுக்கு அது 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், டேப் 2 செ.மீ. நகர்ந்தாலே 5 சதவீதம் பிசகிவிடும். இடுக்கில் கை வைத்தால் பையன்கள் கூச்சத்தில் சிரிக்க ஆரம்பிப்பார்கள், அது தனிக் கதை.

குழந்தை_நெஃப்ரோ

குழந்தைச் சிறுநீரக மருத்துவராக வேலை செய்கிறேன். பையனை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நான்கு பரிசோதனையும் ஒரே எடையுள்ளவை அல்ல. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் 110/70. "எப்போதும் 110/70தான்" என்று வாணி நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு அது அழகான எண். குழந்தைகளுக்கு வயது, உயரம், ஆண் பெண் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 10 வயதுக் குள்ளமான பையனுக்கு மேல் அழுத்தத்தின் நடு மதிப்பு 97. 90-வது சதமானம் 108, 95-வது 112. உங்கள் மகன் 110. அதாவது கிளினிக் அளவே ஏற்கெனவே மேல் விளிம்பில் இருக்கிறது. புதிய டாக்டர் சீட்டு எழுதியதற்கு அதுவே போதுமான காரணம்.

அடுத்து, கிளினிக் அளவு மட்டும் போதாது. வட அமெரிக்காவில் சிகேஐடி என்று கிட்னி பாதித்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிற ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் 100-க்கு 38 பேருக்குக் கிளினிக்கில் பிபி சரி, 24 மணி நேரக் கருவியில் அதிகம். இதை மறைந்த ரத்த அழுத்தம் என்கிறோம். இரண்டிலும் சரியாக இருந்த பிள்ளைகளில் 8 சதவீதத்தினருக்குத்தான் இதயத்தின் இடது அறைத் தசை தடித்திருந்தது. மறைந்த அழுத்தம் உள்ளவர்களில் அது 20 சதவீதம். இரண்டிலும் அதிகம் என்றால் 34. அதனால்தான் கிட்னி பாதித்த பிள்ளைகளுக்குக் கிளினிக் அளவு என்னவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு தடவை ஏபிபிஎம் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன.

சேலத்து அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. ஏபிபிஎம்முக்கு அதில் பாஸ் மார்க் உண்டு. ஐரோப்பாவில் எஸ்கேப் என்றொரு ஆய்வு, 2009-ல் வெளியானது. 385 பிள்ளைகள். எல்லோருக்கும் ராமிப்ரில் என்ற பிபி மருந்து. ஒரு பாதிக்கு 24 மணி நேரச் சராசரி அழுத்தத்தை 50-வது சதமானத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள், இன்னொரு பாதியை 50-க்கும் 95-க்கும் நடுவில் விட்டார்கள். 5 ஆண்டில் கிட்னி பாதி வேலையை இழப்பது அல்லது டயாலிசிஸ் நிலைக்குப் போவது என்ற ஆபத்து முதல் கூட்டத்தில் 35 சதவீதம் குறைவு. ரிசல்ட் அதிகமாக வந்தால் மருந்து மாறும், மாறினால் கிட்னி கூடுதல் காலம் தாங்கும். இதைவிட நேரடியான பதில் எங்கள் துறையில் அதிகம் இல்லை.

எக்கோவும் தேவைதான், தசை தடித்தால் மருந்தின் இலக்கு மாறும். ஐஎம்டியும் பல்ஸ் வேவும் அப்படி அல்ல. கிடைக்கிற ஊரில் இருந்தால், அதே கையால் ஆண்டுதோறும் எடுத்து ஒப்பிட முடிந்தால், எடுக்கலாம். இல்லையென்றால் ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டாம்.

கபிலன்_26

டாக்டர், எனக்கு 8 வயதில் கிட்னி போய், 17-ல் அம்மா கிட்னி கொடுத்தார். என் காலத்தில் யாரும் இதெல்லாம் எழுதவில்லை. ஐஎம்டிக்கு அவசியம் இல்லை என்றால் மாநாட்டுக்கு மாநாடு அதையே ஏன் காட்டுகிறார்கள்?

குழந்தை_நெஃப்ரோ

கூட்டமாகப் பார்க்கும்போது அது நன்றாகப் பேசும். ஒரு தனிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் முணுமுணுக்கும்.

ஐரோப்பாவில் 4சி என்ற ஆய்வில் டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருக்கிற ஏறக்குறைய 700 பிள்ளைகளை அளந்தார்கள். 100-க்கு 40 பேருக்கு மேல் ஐஎம்டி வயதுக்கு மீறித் தடித்திருந்தது. பல்ஸ் வேவ் வேகம் கூடியிருந்தது 20 பேருக்குத்தான். டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, பிள்ளை ஓடி விளையாடுகிற காலத்திலேயே குழாயில் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. சிகிச்சைகளை ஒப்பிடவும் உதவும். சாதாரண ஹீமோடயாலிசிஸில் இருந்த பிள்ளைகளுக்கு ஓராண்டில் ஐஎம்டி ஏறியது, ஹீமோடயாஃபில்ட்ரேஷனில் (கழிவைக் கூடுதலாக இழுத்து வடிகட்டுகிற டயாலிசிஸ் முறை) இருந்தவர்களுக்கு ஏறவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் ருக்‌ஷனா ஷ்ராஃப் தலைமையில் பல நாட்டு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு அது, 2019-ல் வந்தது.

பல்ஸ் வேவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கிட்னிப் பிள்ளைகள் குள்ளம். உயரம் கூடக் கூட வேகமும் கூடும் என்பதால், வயது அட்டவணையில் வைத்தால் குழாய் நன்றாக இருப்பது போலத் தெரியும், உயர அட்டவணையில் வைத்தால் வேறு கதை. ரிப்போர்ட்டில் எந்த அட்டவணை என்று எழுதவே மாட்டார்கள். கையில் பட்டை கட்டி 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, விட்டதும் குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்க்கிற முறையும் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதைப் பிள்ளைகளிடம் ஒழுங்காகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

டயாலிசிஸ்_சிஸ்டர்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பெற்றோருக்கு ஏபிபிஎம் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லி அனுப்புவதில்லை. அதனால் பாதிப் பிள்ளைகள் ராத்திரியே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

பட்டையின் அளவு முக்கியம். உள்ளே காற்று நிரம்புகிற பை புஜத்தின் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் சுற்றி வர வேண்டும். சின்னப் பட்டை போட்டால் பிபி பொய்யாக ஏறும். பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, தூக்கத்தில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கருவி இறுக்கும். இறுக்க ஆரம்பித்ததும் கையைத் தொங்கவிட்டு அசையாமல் இருக்கப் பழக்குங்கள், ஆட்டினால் அளவு பதிவாகாது, உடனே மறுபடி இறுக்கும், பிள்ளைக்குக் கோபம் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாவது தேறினால்தான் ரிப்போர்ட் செல்லும்.

சனிக்கிழமை மாட்டாதீர்கள். கல்யாண வீடு, கடற்கரை என்று போய்விட்டு வந்தால் அந்த அளவை வைத்து எதைச் சொல்வது? வழக்கமான பள்ளி நாள்தான் நல்லது, டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தூக்க நேரம். தாளில் '10 முதல் 6 வரை' என்று பொதுவாக எழுதித் தராதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது விழித்தான் என்று உள்ளபடி எழுதுங்கள். வால்வு அடைப்பு இருந்த பையன்களுக்குச் சிறுநீர் நிறையப் போகும், ராத்திரி எழுந்து பாத்ரூம் போவார்கள். வாணி அக்கா, உங்கள் மகன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று அதையும் குறித்துவையுங்கள். இல்லையென்றால் எழுந்து நடந்த அளவும் 'இரவு பிபி' கணக்கில் சேர்ந்துவிடும்.

திருச்சி_வாணி

சிஸ்டர், சரியாகச் சொன்னீர்கள், ராத்திரி எழுந்து போவான். இன்னொரு சந்தேகம். இடது கையில் ஊசி போடக்கூடாது, பின்னால் ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) வேண்டும் என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். பட்டையை எந்தக் கையில் கட்டுவது?

டயாலிசிஸ்_சிஸ்டர்

அது ஊசிக்கும் கேனுலாவுக்கும் சொன்னது அக்கா. கையின் ரத்தக்குழாய் (சிரை) கெட்டுப்போனால் ஃபிஸ்டுலா போட இடம் இருக்காது. ரத்தம் எடுக்கும்போதும் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள், முழங்கை மடிப்பையும் முன்கையையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா இன்னும் போடாத கையில் பிபி பட்டை கட்டுவதில் தப்பில்லை. வழக்கமாக எழுதாத கையில்தான் கட்டுவார்கள். போட்ட பிறகு அந்தக் கையில் பட்டையே கூடாது.

பிஜி_மாணவி

குழந்தை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சின்னச் சேர்க்கை. பிபி முதல் தடவை அதிகமாகத் தெரிந்தால் இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் பிள்ளைகளுக்குக் கிட்னித் தமனி சுருங்கி பிபி ஏறுவதற்கு டகாயாசு என்ற பெருந்தமனி அழற்சி முக்கியக் காரணம். அங்கே குழாயே வியாதி, கிட்னி அடி வாங்குகிறது. வாணி அக்கா மகனுக்குக் காரணம் தெரிந்ததால் அது பொருந்தாது, ஆனால் இந்த இழையைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

சேலத்து_அப்பா

டாக்டர், ஏபிபிஎம் விஷயம் புரிந்தது. டயாலிசிஸ் பிள்ளைகளுக்கு 'கால்சியம் படியும்' என்கிறார்களே, அதற்கு சிடி எடுக்க வேண்டுமா? பாஸ்பரஸைக் குறைக்கக் கால்சியம் மாத்திரையையே கொடுக்கிறார்கள், அப்புறம் அதுவே படியும் என்றால் என்ன நியாயம்?

குழந்தை_நெஃப்ரோ

இதுதான் இந்த இழையின் கனமான கேள்வி, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2000-ல் அமெரிக்காவில் டயாலிசிஸில் இருந்த 7 முதல் 30 வயது வரையான 39 பேரின் இதயத் தமனிகளை அதிவேக சிடியில் பார்த்தார்கள். 20 வயதுக்குக் கீழ் இருந்த 23 பேரில் ஒருவருக்கும் சுண்ணாம்பு படியவில்லை. 20 முதல் 30 வரை இருந்த 16 பேரில் 14 பேருக்குப் படிந்திருந்தது. படிந்தவர்கள் கூடுதல் காலம் டயாலிசிஸில் இருந்தவர்கள், பைண்டர் (பாஸ்பரஸைப் பிடிக்கிற) மாத்திரை வழியாக உள்ளே போன கால்சியமும் அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. அதற்குப் பிறகுதான் எங்கள் துறை கால்சியம் கணக்கை எடுத்துப் பார்க்கத் தொடங்கியது.

படிவது எங்கே என்பதும் முக்கியம். முதியவர்களுக்குக் கொழுப்பு சேர்ந்து உள் அடுக்கில் அடைப்பு வருவது போல இது இல்லை. சுவரின் நடு அடுக்கில், தசைச் செல்களில் நடக்கிறது. பாஸ்பரஸும் கால்சியமும் சேர்ந்து ஏறினால் அந்தத் தசைச் செல்களில் சில செத்துப்போகின்றன, மற்றவை எலும்புச் செல்லைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. ஷ்ராஃப் குழுவினர் அறுவை சிகிச்சை மேஜையில் பிள்ளைகளிடமிருந்து எடுத்த சின்னத் தமனித் துண்டுகளிலேயே இதைக் காட்டினார்கள். டயாலிசிஸுக்கு முன்பே சுவரில் கால்சியம் கூடியிருந்தது. டயாலிசிஸ் பிள்ளைகளில் தசைச் செல்களே குறைந்துபோயிருந்தன.

இதைப் பார்க்க எல்லோருக்கும் சிடி எடுப்பதில்லை. கதிர்வீச்சு ஒன்று. இன்னொன்று, சின்ன வயதில் நடு அடுக்கு கெட்டுக்கொண்டிருக்கும்போதே சிடி சுத்தமாகத் தெரியலாம். 20 வயதுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு அர்த்தம் ஒன்றும் நடக்கவில்லை என்பதல்ல. என் கணிப்பில் மாதாமாதம் பார்க்கிற பாஸ்பரஸ், கால்சியம், பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) மூன்றின் போக்குதான் உங்கள் மகளின் குழாயைப் பற்றி எந்த ஸ்கேனையும்விட அதிகம் சொல்லும்.

ஆனால் கால்சியத்தையே நிறுத்திவிடாதீர்கள். வளர்கிற பிள்ளையின் எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பெரியவர்களுக்கான கணக்கு இங்கே ஓடாது. உணவு, மாத்திரை எல்லாம் சேர்த்து வயதுக்குப் பரிந்துரைத்த அளவில் இருக்க வேண்டும், எப்படியும் அதன் இரு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது இப்போதைய ஒப்புதல். தாண்டுகிறது என்றால் செவலமர் போலக் கால்சியம் இல்லாத மாத்திரைக்கு மாற்றுவோம். வைட்டமின் டி-யும் அப்படித்தான். டயாலிசிஸ் பிள்ளைகளில் அதன் செயல்படு வடிவம் ரத்தத்தில் ரொம்பக் குறைந்தவர்களுக்கும் ரொம்பக் கூடியவர்களுக்கும் இரண்டு பக்கமும் குழாய் பாதிப்பு அதிகம் இருந்தது. உடம்பு வலி என்று யாராவது 6 லட்சம் யூனிட் ஊசியைப் போட்டுவிட்டால் தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள்.

டயாலிசிஸ்_சிஸ்டர்

டாக்டர் சொன்னதோடு சமையலறைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரையில் 1250 மி.கி. என்றால் அதில் கால்சியம் மட்டும் 500 மி.கி. அது சாப்பாட்டோடு போனால்தான் சோற்றிலும் குழம்பிலும் இருக்கிற பாஸ்பரஸைப் பிடித்து வெளியே தள்ளும். வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸ் அப்படியே இருக்கும், கால்சியம் மட்டும் உடம்புக்குள் ஏறும். "பிள்ளை சாப்பிட்டு முடித்து, டிவி பார்த்து, அப்புறம் மாத்திரை" என்பது பல வீட்டில் நான் கேட்கிற பதில். இரண்டு வாய் சாப்பிட்டதும் பாதி மாத்திரை, நடுவில் மீதி என்று கொடுங்கள், மென்று சாப்பிடுகிற மாத்திரையாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் பாட்டிகள். பிள்ளைக்கு எலும்பு பலம் வேண்டும் என்று கேழ்வரகுக் கூழும் பாலும் இரண்டு வேளை போகும், அதற்கு மேல் மாத்திரை. பாசம்தான், ஆனால் டயட்டீஷியனிடம் அதையும் சொல்ல வேண்டும். கோலா பானம், பாக்கெட் சீஸ், பாக்கெட் இறைச்சி வகை, இவற்றில் சேர்க்கிற பாஸ்பேட் அநேகமாக முழுசாக உடம்பில் ஏறிவிடும். பருப்பு, பயறில் இருக்கிற பாஸ்பரஸ் அவ்வளவு ஏறாது. பருப்பை நிறுத்திவிட்டு கோலா வாங்கிக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கபிலன்_26

மாற்றுக் கிட்னி வந்ததும் குழாய் சரியாகிவிடுமா என்று நானும் கேட்டேன். பிபி கட்டுக்குள் இருந்தால் பயம் குறைவு, மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் பிபியை ஏற்றும், அதனால் ஏபிபிஎம்மை விடாதே என்றார்கள். ஆண்டுதோறும் மாட்டிக்கொள்கிறேன். ஆபீஸில் மீட்டிங் நடுவில் உர்ரென்று இறுக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பழகிவிட்டது.

எக்கோ_ரூம்_ராஜா

டாக்டர் சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஐஎம்டியை இப்படி முழுக்க ஒதுக்க வேண்டாம். டயாலிசிஸில் நீண்ட நாள் இருக்கிற பிள்ளைக்கு ஒரே லேபில் ஆண்டுக்கு ஒன்று எடுத்து வைத்தால் போக்கு தெரியும். பத்து வயதில் எடுத்தது இல்லை என்றால் பதினைந்தில் ஒப்பிட எதுவும் இருக்காது.

குழந்தை_நெஃப்ரோ

ஒரே லேப், ஒரே கை, குழந்தைகள் அட்டவணை. மூன்றும் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. நம் ஊர்களில் எத்தனை இடத்தில் மூன்றும் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் ராஜா.

எக்கோ_ரூம்_ராஜா

சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை 🙂

திருச்சி_வாணி

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏபிபிஎம் பள்ளி நாளில்தான் மாட்டினோம். கிரிக்கெட் ஆடவிடாமல் பிடித்து வைத்ததுதான் பெரிய பாடு. பகல் அளவு 95-வது சதமானத்துக்குக் கீழே. இரவில் மட்டும் 95-ஐத் தாண்டியிருக்கிறது. தூக்கத்தில் பிபி இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை, 4 சதவீதம்தான் என்று எழுதியிருக்கிறது. 24 மணி நேரச் சராசரி 50-வது சதமானத்துக்கு மேல். எக்கோவில் தசைத் தடிப்பு இல்லை. கழுத்து ஸ்கேனை டாக்டரே "இப்போது வேண்டாம்" என்று அடித்துவிட்டார். எனாலாப்ரில் என்ற பிபி மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார். ராத்திரி மட்டும் ஏறுவதற்குக் கூட மருந்தா?

குழந்தை_நெஃப்ரோ

ஆமாம். தூக்கத்தில் குறைந்தது 10 சதவீதம் இறங்க வேண்டும். கிட்னி பாதித்த பிள்ளைகளுக்கு முதலில் கெடுவது பெரும்பாலும் இரவு பிபிதான், கிளினிக்கில் எத்தனை தடவை பார்த்தாலும் அது தெரியாது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் போகிறார்.

மருந்து ஆரம்பித்து 1-2 வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லியிருப்பார், அதைத் தவறவிடாதீர்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பதறி நீங்களாக நிறுத்த வேண்டாம், எவ்வளவு ஏறலாம் என்று அவரே சொல்வார். ஆனால் வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் நிறையப் போகிற பையன் சட்டென்று வறண்டுவிடுவான். இன்னொன்று, பிபி என்றதும் வீட்டில் உப்பை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். வால்வு அடைப்புப் பையன்களில் சிலருக்குச் சிறுநீரிலேயே உப்பு போய்விடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மருந்து நிலைத்ததும் மறுபடி ஒரு ஏபிபிஎம். 24 மணி நேரச் சராசரியை 50-வது சதமானத்துக்குக் கொண்டுவருவதுதான் இலக்கு, கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2021 வழிகாட்டியும் அதையே சொல்கிறது. கருவி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், கையால் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிற மேல் அழுத்தம் 50 முதல் 75-வது சதமானத்துக்குள் இருந்தால் போதும் என்று அதே வழிகாட்டி வழிவிட்டிருக்கிறது.

சேலத்து_அப்பா

வாணி சகோதரி, ஏபிபிஎம் எங்கே மாட்டினீர்கள், பிள்ளைகள் அளவுப் பட்டை அவர்களிடமே இருந்ததா? இங்கே விசாரித்த இடத்தில் பெரியவர் பட்டைதான் இருக்கிறதாம். விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

திருச்சி_வாணி

அனுப்பிவிட்டேன். இரண்டு அளவுப் பட்டை வைத்திருக்கிறார்கள். போகும் முன் போனில் மகளின் புஜச் சுற்றளவைச் சொல்லிவிடுங்கள், எடுத்து வைப்பார்கள்.